கனமும் கட்டுக்கோப்பும்

தங்கவயலில் ஒருவர் கார் வாங்கப் புறப்பட்டால், வீட்டுப் பெரியவர் முதலில் அதன் கதவைச் சாத்திப் பார்ப்பார். பின்பு தகட்டை விரலால் தட்டிப் பார்ப்பார். ஓசை கனத்திருந்தால், "அம்பாசிடர் மாதிரி, உயிருக்குப் பயமில்லை" என்பார். மெலிந்திருந்தால், "வெறும் தகரம்" என்று முகம் சுளிப்பார். இச்சோதனை போதுமா என்பதைச் சற்று ஆராய்வோம். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் நம்மவர் பலருக்குப் பெங்களூரே பிழைப்புக்கு வழியாயிற்று. ரயிலை விட்டுச் சொந்த வண்டியில் சென்று வரும் குடும்பங்களும் உண்டு. ஆகவே இது வீண் விவாதமன்று. வீட்டாரின் உயிரைப் பற்றியது.

ஒரு காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் மூன்று கம்பெனிகளின் கார்களே போட்டியிட்டன. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர் ஏறக்குறைய 1,100 கிலோ. பம்பாய் பிரீமியர் கம்பெனியின் பியட், பின்னாளில் பத்மினி எனப் பெயர் பெற்றது, சுமார் 900 கிலோ. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு சுமார் 800 கிலோ.

கட்டுமானத்திலும் வேற்றுமை உண்டு. முதலிரண்டிலும் தரை, தூண், கூரை யாவும் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக அமைந்தவை. ஹெரால்டிலோ கீழே தனிச் சேஸிஸ். உடற்பகுதிகள் அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். நசுங்கிய பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இவை யாவற்றினும் இலேசு. சுமார் 650 கிலோ.

கனத்தால் பயனே இல்லையா? உண்டு. இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதினால், இலேசான வண்டியில் இருப்போருக்கே அதிர்ச்சி மிகுதி. ஆனால் புளியமரத்திலோ பாலத்துச் சுவரிலோ மோதும்போது, வண்டியின் சொந்தக் கனமே வேகத்தோடு சேர்ந்து அதை நசுக்க முற்படும்.

சுரங்கத்தில் உழைத்த நம் மூத்தோருக்கு இது புதிய பாடமன்று. ஆழத்தில் பாறை அழுத்தும்போது மரத் தாங்கல் முனகிக்கொண்டே நசுங்கிக் கொடுக்கும். ஆளுக்கு விலக அவகாசம் கிடைக்கும். காரிலும் அவ்வாறே முன்பகுதி நசுங்கி அடியை ஏற்க வேண்டும்; ஆட்கள் அமரும் கூடு நசுங்கலாகாது. மெர்சிடிஸ் கம்பெனியின் பொறியாளர் பேலா பரேனி வகுத்த இந்தத் தத்துவம் 1959இல் அக்கம்பெனியின் காரில் நடைமுறைக்கு வந்தது. அம்பாசிடரின் மூலமான இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு அதற்கு முன்பே வடிவமைக்கப்பட்டது.

2014இல் குளோபல் என்-கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர் பாதுகாப்புக்கு ஒன்றுக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிட்டவில்லை. எனினும் போலோ, பிகோ இரண்டின் கூடும் நிலைகுலையவில்லை. அவற்றுக்குக் குறை காற்றுப்பை இல்லாமையே. இரு காற்றுப்பைகளுடன் போலோவைச் சோதித்தபோது பெரியவர் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. தகடு தடித்ததனால் வந்த மாற்றமன்று அது.

2023 அக்டோபர் முதல் பாரத் என்-கேப் என்ற நம் நாட்டுச் சோதனையும் நடைபெற்று வருகிறது. ஆகவே கார் வாங்கும் அன்பர்கள் பெரியவருக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைக்கு எத்தனை, காற்றுப்பைகள் எத்தனை என்று கேட்டறிக. பழைய வண்டியானால், அடித்தகட்டிலும் தூண்களின் அடியிலும் துரு உண்டா, விபத்துக்குப் பின் பற்றவைத்த தடம் உண்டா என்று நம்பகமான மெக்கானிக்கைக் கொண்டு பார்க்கச் செய்க. ஒரே கூடாக அமைந்த வண்டியில் துரு, தகட்டை மட்டுமன்றிக் கூட்டின் வலுவையே தின்றுவிடும்.

எவ்வளவு உறுதியான கூடாயினும், பெல்ட் அணியாதவரை அது காப்பது அரிது. பின்னிருக்கையில் அமரும் தாய்மாரும் பிள்ளைகளும் அதை மறத்தல் கூடாது. இவ்வளவும் பார்த்த பின்னர், பெரியவர் விரும்பினால் தகட்டைத் தட்டிப் பார்க்கட்டும்.