காவியா, குங்குமமா?

வீட்டுச் சுவருக்குச் சிவப்புச் சாயல் வேண்டும் என்பதில் ஒருமனப்பட்டுவிட்ட குடும்பத்தார், கடைக்காரர் ஷேட் கார்டை விரித்ததும், செங்கல்லை நினைவூட்டும் காவிக்கும், சற்றே நீலம் ஓடிய குங்குமச் சிவப்புக்கும் இடையே தடுமாறி நிற்பது மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் சகஜமான காட்சி.

காவிக்கு ஆதாரம் இரும்பு ஆக்ஸைடு. துருவுக்கு நெருங்கிய உறவு. தாராவியின் கும்பார்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் பரம்பரையினர் சுட்டெடுக்கும் பானைகள் சிவப்பதும், நம் ஊர்க் கோயில் மதில்களில் சுண்ணாம்புப் பட்டைக்கருகே காவிப் பட்டை துலங்குவதும், பழைய வீடுகளின் ரெட் ஆக்ஸைடு தரை கால் பட்டுப்பட்டு மெருகேறுவதும் எல்லாம் அந்த இரும்பின் கைங்கரியமே. வெயிலுக்கோ சுண்ணாம்பின் காரத்துக்கோ அது லேசில் அசைந்து கொடுப்பதில்லை. குங்குமச் சாயல்களோ பெரும்பாலும் கரிமச் சேர்மங்களாலான நிறமிகளால் உண்டாக்கப்படுபவை. காந்தி அதிகம், சந்தேகமில்லை. ஆனால் அவற்றுள் மலிவானவை சில, மேற்குச் சன்னல் வெயிலில் நாளடைவில் சோகை பிடித்தாற்போல் வெளுத்துவிடும்.

நிறமியைவிட வெளிச்சமே பிரதானம் என்பேன். எதிர்க் கட்டடம் சன்னலை மறைத்து நிற்க, பகலிலேயே ட்யூப்லைட் எரியும் பத்துக்குப் பத்து அறையில், அந்த வெள்ளொளியில் சிவப்புக் கதிர்கள் குறைவாதலால், கடையில் ஜொலித்த குங்குமம் முதல்நாள் பீட்ரூட் கறியைப்போல் களையிழந்து கறுக்கிறது. மங்கலில் நம் கண்ணுக்குச் சிவப்பே முதலில் இருண்டு தோன்றுகிறது என்பதைப் புர்க்கின்யே என்ற செக் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்திருக்கிறார். மஞ்சள் கலந்த இளங்காவி அவ்வளவு தூரம் இருளாது. (வீட்டுப் பெரியவர்கள், 'இதென்ன, மடம் மாதிரி!' என்று முகம் சுளிக்கலாம். அதற்கு வேதியியலில் பரிகாரமில்லை.)

ஆகவே, சிறிய அறைகளுக்கு இளங்காவிதான். குங்குமத்தின்மேல் ஆசையிருந்தால், வெளிச்சம் தாராளமாக விழும் ஹாலில் ஒரே சுவரோடு நிறுத்திக்கொள்வது உசிதம். மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் உப்பு பூத்தால், இரண்டு நிறங்களிலுமே அது பளிச்சென்று தெரியும். ஒழுக்கை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பிரஷைத் தொட வேண்டும். ஷேட் கார்டின் சின்னஞ்சிறு சதுரத்தை நம்பாமல், இரண்டையும் சுவரில் முழ அகலத்துக்குப் பூசி, இரவு விளக்கிலும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெயின்டருக்கு முன்பணம் கொடுங்கள்.