பெப்டைட் ஊசி போட்டால் இளமை திரும்புமா? வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை பற்றித் தெரிஞ்சுக்க வேண்டியவை

40 வயதைத் தாண்டினால் தொப்பை, தசைத் தளர்ச்சி, அசதி. உடம்பே வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைத்து இதையெல்லாம் சரிசெய்யலாம் என்று அமெரிக்காவில் பல கிளினிக்குகள் பெப்டைட் ஊசிகளை விளம்பரம் செய்கின்றன. இது உண்மையா?

எப்படி வேலை செய்கிறது?

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. வயது ஏற ஏற இது குறையும். செர்மோரெலின், இபாமோரெலின், சிஜேசி-1295 போன்ற பெப்டைட்கள் வளர்ச்சி ஹார்மோன் கிடையாது. 'இன்னும் கொஞ்சம் சுரந்து விடு' என்று பிட்யூட்டரிக்கு சிக்னல் கொடுப்பவை. 'இயற்கையான முறை' என்று சொல்வது இதனால்தான்.

ஆசை எங்கே தொடங்கியது?

1990ல் டேனியல் ரட்மன் குழுவினர், 60 வயதைத் தாண்டிய 12 ஆண்களுக்கு 6 மாதம் வளர்ச்சி ஹார்மோன் ஊசியே போட்டுப் பார்த்தனர். கொழுப்பு நீங்கலான உடல் எடை 8.8 சதவீதம் கூடியது, கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது. ஆனால் 1996ல் வெளியான இன்னொரு ஆய்வில், தசை கூடியும் பலம் கூடவில்லை. வீக்கமும் மூட்டு வலியும்தான் வந்தன.

அனுமதி இருக்கா?

டெசமோரெலின் என்ற பெப்டைடுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2010ல் அனுமதி கொடுத்தது. அதுவும் எச்.ஐ.வி. பாதித்த சிலருக்கு வயிற்றில் சேரும் கொழுப்பைக் குறைக்க மட்டும்தான். செர்மோரெலின், வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக வந்த மருந்து. இபாமோரெலின், சிஜேசி-1295 இரண்டுக்கும் அனுமதியே இல்லை. முதுமையைத் தள்ளிப்போட என்று எந்த பெப்டைடுக்கும் அனுமதி கிடையாது.

யாருக்கு ஆபத்து?

ரத்த சர்க்கரை ஏறலாம் என்பதால் சர்க்கரை நோயாளிகள் உஷாரா இருக்கணும். புற்றுநோய் இருப்பவர்கள் போடவே கூடாது. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற லேபிளோடு ஆன்லைனில் விற்கும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. விளையாட்டு வீரர்கள் போட்டால் ஊக்கமருந்து விதிப்படி தடை வரும்.

என்ன செய்யலாம்?

இந்த ஹார்மோன் நாள் முழுக்க விட்டுவிட்டுச் சுரப்பதால், ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் குறைபாட்டை முடிவு செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால் ஹார்மோன் நிபுணரான எண்டோகிரைனாலஜிஸ்டிடம் போங்க. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். உடற்பயிற்சியும் அதைத் தூண்டும். இந்த இரண்டுக்கும் ஊசி தேவையில்லை.