வண்டி ஏன் கிளம்ப மறுக்கிறது?

சோழவரம் என்றதும் சென்னைவாசிகளுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்திற்கு வரும். ஒன்று, நகரத்தின் தாகம் தீர்க்கும் ஏரி. மற்றொன்று, மோட்டார்ப் பந்தயம். இரண்டாவது உலக யுத்த காலத்தில் ஆகாய விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை, பின்னர் பந்தய மைதானமாயிற்று. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை அமைந்த பிறகு அந்த ஆரவாரம் ஓய்ந்தது.

பந்தய வண்டியானாலும் சரி, சிறுவாபுரி முருகனைத் தரிசிக்கக் குடும்பத்தோடு போகும் வண்டியானாலும் சரி, ஓடுவதற்கு முன் அது கிளம்ப வேண்டும் அல்லவா? லாரிகள் ஓயாமல் விரையும் அந்தக் கல்கத்தா நெடுஞ்சாலையின் ஓரத்தில், இருட்டும் நேரத்தில், குழந்தை குட்டிகளோடு வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? அவசரத்தில் யாரோ ஒருவர் "பாட்டரி போய்விட்டது" என்பார். இன்னொருவர் "ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டும்" என்பார். இரண்டுக்கும் பணம் கொடுத்த பிறகு, குற்றம் ஒரு கம்பியின் முனையில் படிந்த வெள்ளைப் பொடிதான் என்று தெரியவந்தால் வயிறு எரியாதா?

கைப்பிடி போய் விசை வந்தது

முற்காலத்தில் மோட்டாரின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றுவார்கள். சில சமயம் அது திருப்பியடித்து மணிக்கட்டை முறித்துவிடும். இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவருடைய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் வருஷத்துக் காடிலாக் வண்டிகளில் இடம் பெற்றது. நம் அம்பாஸடரிலோ கைப்பிடி செருகும் துவாரமும் நெடுநாள் இருந்தது. இன்றைய வண்டிகளில் அது இல்லை. பாட்டரி படுத்துக்கொண்டால் வண்டியும் படுத்துக்கொள்ளும்.

வண்டியையே விசாரியுங்கள்

பாட்டரியில் புறப்படும் மின்சாரம் கனத்த கம்பி வழியாக ஸ்டார்ட்டரை அடைந்து, எஞ்சின் உடல் வழியாகத் திரும்பவும் பாட்டரிக்கு வந்து சேர வேண்டும். இந்த வட்டத்தில் எங்கே தடை என்று கண்டுபிடிப்பதுதான் காரியம். அதற்கு வண்டியே சாட்சி சொல்லும்.

முன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைந்தால் பாட்டரியில் சக்தி குறைந்திருக்கிறது. அல்லது கம்பி முனைகளில் பிடிப்பு இல்லை. விளக்கு பிரகாசமாகவே இருந்து, 'டக்' என்று ஒரே சப்தம் மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மீதோ, அதற்கு மின்சாரம் விடும் ஸொலினாய்டு மீதோ சந்தேகப்படலாம். விளக்கு எரிந்தும் சப்தமே இல்லையா? பியூஸையும் சாவி விசையையும் கவனிக்க வேண்டும். கிளட்சை மிதித்தால்தான் கிளம்பும் வண்டியானால், அதை நன்றாக மிதித்தோமா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பாட்டரியின் மேல் பழி சுமத்துவது அநியாயம். அப்போது தேட வேண்டியது பெட்ரோல் வரத்தையும் தீப்பொறியையும்.

வோல்ட் மீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்டுக்கு இறங்கிவிட்டால் அது ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 14 வோல்டை ஒட்டி இருக்க வேண்டும். ஏறாவிட்டால் குற்றம் பாட்டரியில் அல்ல; அதற்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ இருக்கிறது. இதைப் பாராமல் புதுப் பாட்டரி வாங்கினால் அதுவும் சீக்கிரத்தில் பட்டினி கிடக்கும்.

சிகிச்சை

முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை அல்லது பச்சைப் பொடியைச் சமையலறையின் ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவித் துலக்கலாம். கழற்றும்போது முதலில் மைனஸ் கம்பி. மாட்டும்போது அது கடைசி. முறை மாறினால், ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

இன்னொரு வண்டியிடம் மின்சாரம் கடன் வாங்குவதானால், பிளஸ்ஸோடு பிளஸ்ஸை இணையுங்கள். பிறகு கறுப்புக் கம்பியின் ஒரு முனையை நல்ல பாட்டரியின் மைனஸில் மாட்டுங்கள். மறு முனையைப் படுத்த பாட்டரியில் மாட்டாமல், அந்த எஞ்சினில் வர்ணம் பூசாத இரும்பில், பாட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கை. பீடி, சிகரெட் ஆசாமிகள் தூர விலகி நிற்பது எல்லோருக்கும் க்ஷேமம்.

பாட்டரிக்கு நம் ஊர் வெயில் சத்துரு. அரை மைல் தூரக் கடைக்கு மட்டுமே போய்வரும் வண்டியின் பாட்டரி, செலவழித்ததைத் திரும்பச் சம்பாதிக்க அவகாசமின்றி மெலிந்துபோகும். வாரத்துக்கொரு முறையாவது வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வாருங்கள். மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து கம்பி முனைகளைப் பாருங்கள். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஸ்திரீகளும் பிள்ளைகளும் இந்தச் சோதனைகளைக் கற்றுக்கொள்ளட்டும். மெக்கானிக்கைக் கூப்பிடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அவர் வந்ததும், "என்னமோ தெரியவில்லை, ஐயா!" என்பதற்குப் பதிலாக, "விளக்கு மங்கவில்லை, 'டக்'கென்று சப்தம் மட்டும் வருகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு நேரம் மிச்சம். நமக்குப் பணம் மிச்சம்.