கணினிக் கணக்கும் கணக்காய்வும்

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியங்களிலிருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியங்களுக்குத் தெரிவு செய்யப்படலாகாது என விதிக்கின்றது. பொதுப்பணத்தைக் கையாள்வோன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்னும் நெறி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவரிடையே வேரூன்றியிருந்தது. இன்றும் அந்நெறி மாறவில்லை. மாறியது ஏடு மட்டுமே. ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்த கணக்கு, இப்பொழுது கணினிக்குள் புகுந்துவிட்டது.

கண்டியிலிருந்து மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையிலே உள்ளது அக்குறணை. அங்குள்ள கடைக்காரர் ஒருவர் பிரதேச சபைக்கு வரி செலுத்துகின்றார் எனக் கொள்வோம். அப்பணம் உரிய கணக்கிற் சேர்ந்ததா, உரிய காரியத்துக்குச் செலவாயிற்றா என்பதை அவர் சார்பிலே பார்ப்பவர் யார்? அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரையின்படி, அமைச்சுகள் முதல் உள்ளூராட்சிச் சபைகள் வரை கணக்காய்வு செய்யும் பொறுப்பு கணக்காய்வாளர் தலைமை அதிபதியைச் சார்ந்தது. 1799 இல் தோன்றிய அப்பதவிக்குத் துணையாக, 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் தேசிய கணக்காய்வு அலுவலகத்தை நிறுவியது.

முற்காலத்துக் கணக்காய்வாளர் பற்றுச்சீட்டையும் பேரேட்டையும் ஒப்பிடுவார். மையின் நிறம் வேறுபட்டாலும், எழுத்துச் சுரண்டப்பட்டிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கணினியிலோ சுரண்டிய தடம் இல்லை. பிறருடைய கடவுச்சொல்லை அறிந்த ஒருவர் ஓர் இலக்கத்தை மாற்றினால், அச்சிட்டு வரும் தாள் முன்போலவே தூய்மையாக இருக்கும். தராசு பிழையாயின் சரக்கை எத்தனை முறை நிறுத்தும் பயனில்லை. முதலில் தராசையே சோதித்தல் வேண்டும். தகவல் தொழில்நுட்பக் கணக்காய்வு என்பது இத்தராசுச் சோதனையே.

அச்சோதனை மூன்று வகைப்படும். முதலாவது, பொதுவான கட்டுப்பாடுகளைப் பார்ப்பது: யார் உட்புகலாம், நிரலை மாற்ற யார் அனுமதி தருகின்றார், மாற்றங்களின் பதிவு பேணப்படுகின்றதா, காப்புப்படி எங்கே உள்ளது என்பன. இரண்டாவது, குறித்த ஒரு நிரலின் நேர்மையைப் பார்ப்பது: ஒரே பட்டியலுக்கு இருமுறை பணம் கொடுக்க முயன்றால் அது தடுக்கின்றதா, வரி வீதம் சரியாகக் கணிக்கப்படுகின்றதா என்பன. மூன்றாவது, தரவுகளை முழுமையாக ஆராய்வது. பத்தாயிரம் பற்றுச்சீட்டுகளில் நூறை எடுத்துப் பார்த்த காலம் போய், பத்தாயிரத்தையும் பார்த்தல் இன்று இயலும். ஒரே வங்கிக் கணக்குக்கு இருவர் பெயரிற் சம்பளம் செல்லுமாயின் அது வெளிப்பட்டுவிடும்.

இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2023 ஆம் ஆண்டு கப்பம் கோரும் தீநிரல் ஒன்று இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவையைத் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. காப்புப்படியும் அதே வலைப்பின்னலோடு இணைந்திருந்தமையால் அதுவும் பாழாயிற்று. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் நீர் புகும் அக்குறணைக் கடைவீதியிலே, பேரேட்டையும் அதன் படியையும் ஒரே கீழ்த்தட்டில் வைப்பவர் உளரோ? 'படி எங்கே?' என்னும் எளிய வினாவை வெள்ளத்துக்கு முன்னரே கேட்பதற்கு ஆள் வேண்டும்.

அவ்வாளை உருவாக்குவதே இன்றைய பணி. 1953 இல் கியூபாவின் அவானா நகரிலே தொடங்கிய உயர் கணக்காய்வு நிறுவனங்களின் சர்வதேச அமைப்பு, 1989 இலேயே இத்துறைக்கெனத் தனிக்குழு அமைத்தது. 2002 இல் இந்தியா நொய்டாவில் நிறுவிய பயிற்சி நிலையம் பிறநாட்டுக் கணக்காய்வாளருக்கும் பயிற்சி அளிக்கின்றது. ஆயினும், சிலரை அனுப்பிச் சான்றிதழ் பெறுவித்தல் மட்டும் போதாது. கணக்கியல் கற்றவரும் கணினியியல் கற்றவரும் ஒரே குழுவில் அமர்தல் வேண்டும். பயின்றவர் வேறு பணிக்கு மாற்றப்படாது அத்துறையிலேயே நிலைத்தல் வேண்டும். தனியார் துறை தரும் ஊதியத்தை நாடி அவர் விலகாவண்ணம் பதவி உயர்வுக்கு வழி இருத்தல் வேண்டும். அனைத்துக்கும் மேலாகச் சுதந்திரம் வேண்டும். 2015 இல் 19 ஆம் திருத்தம் தந்த கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவை 2020 இல் 20 ஆம் திருத்தம் நீக்கியதையும், 2022 இல் 21 ஆம் திருத்தம் மீளத் தந்ததையும் நாம் மறத்தற்கில்லை.

நம் கல்லூரி மாணவருள் வர்த்தகம் பயில்வோர் கணினியை அயலார் கலை என ஒதுக்குவதும், கணிதம் பயில்வோர் கணக்கியலை எழுதுவினைஞர் தொழில் என இகழ்வதும் உண்டு. இவ்விரு சாராரும் கைகோக்க வேண்டிய இடம் இதுவே. கணக்காளராயும் பொறியியலாளராயும் விளங்கும் பழைய மாணவர்கள், ஆண்டில் ஒருநாளேனும் கல்லூரிக்கு வந்து இத்துறையை மாணவருக்கு எடுத்துரைப்பாராயின், அந்த ஒருநாள் வீண்போகாது. அக்குறணைக் கடைக்காரரின் வரிப்பணத்துக்கு நாளைய காவலர் இன்று நம் வகுப்பறையில் இருத்தல் கூடும்.