'பிறகு பார்க்கலாம்' என்று சொல்லாதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் என் பாட்டி. சம்பளம் போட்ட வாரத்தில் துணிக்காரர் சைக்கிளில் லயத்துக்கு வருவாராம். சேலையைக் கொடுத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பணத்தை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வார். தேவையில்லை என்றால் யாரும் முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மாட்டார்கள். "பிறகு பார்க்கலாம்" என்பார்கள். அவருக்கும் அது புரியும். அடுத்த மாதமும் அதே வாசலுக்குத்தானே அவர் வர வேண்டும்! சேலை சாயம் போனால் லயமே கேள்வி கேட்கும்.

தோட்டம் போய்விட்டது. பாட்டி ஈப்போவில் மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் பழைய மரியாதை மட்டும் கூடவே வந்தது.

நான் படிவம் 5 படித்த ஆண்டு, தண்ணீர் வடிகட்டி விற்கும் இளைஞர் ஒருவர் வந்தார். "பாட்டி, ஒரு கிளாஸ் தண்ணி மட்டும் குடுங்க" என்றார். குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் செலுத்தினார். சற்று நேரத்தில் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதந்தது. அவர் கொண்டுவந்த வடிகட்டிய தண்ணீரோ தெளிவாகவே இருந்தது. "இதையா பேரப்பிள்ளைகளுக்குக் குடுக்கிறீங்க?"

"பிறகு பார்க்கலாம்பா" என்றார் பாட்டி.

"எப்போ வரட்டும் பாட்டி? நாளைக்கா?"

ஒரு மணி நேரம் கழித்துக் கையெழுத்து விழுந்தது. 24 மாதத் தவணை.

இதில் எனக்குத்தான் வெட்கம். இரசாயனப் பாடத்தில் மின்னாற்பகுப்பு படித்தவன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். அந்தப் பழுப்பு நிறம் தண்ணீரிலிருந்து வரவில்லை. இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு அது. குழாய்த் தண்ணீரில் தாது உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது. உப்புகள் நீக்கப்பட்ட தண்ணீரில் மின்சாரம் பாய்வது மிகக் குறைவு, அதனால் கம்பியும் கரைவதில்லை. "உங்க தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் காட்டுங்க அண்ணா" என்று கேட்டிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டேன். பிறகு அவரைத் திட்டிக்கொண்டே தவணை கட்டினோம்.

நாங்கள் அறியாத இன்னொன்றும் இருந்தது. 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி, வீடு தேடி வந்து விற்பவர் தம் அடையாள அட்டையையும் அதிகார அட்டையையும் காட்ட வேண்டும். வாங்கியவர் மனம் மாறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய 10 வேலை நாள் அவகாசமும் அந்தச் சட்டத்தில் உண்டு. நாமே கடைக்குப் போய் வாங்கும் பொருளுக்கு இந்த அவகாசம் கிடையாது. பேரங்காடி நடைபாதையில் யாராவது கையைப் பிடித்து இழுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை.

18 வயது நிரம்பாதவர் போடும் இத்தகைய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. 18 ஆகிவிட்டால் கையெழுத்தும் கடனும் உங்களுடையவை.

விற்க வருபவரை விரட்ட வேண்டியதில்லை. எஸ்.பி.எம். முடித்துவிட்டுக் கமிஷனை நம்பி வெயிலில் அலையும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. நாளைக்கு உங்கள் வகுப்புத் தோழனே வரலாம். அவருக்கும் நேரம் முக்கியம். "காசு இல்லை" என்றால் தவணை இருக்கிறது என்பார். "அப்பாவைக் கேட்கணும்" என்றால் அப்பாவின் எண்ணைக் கேட்பார். காரணம் எதைச் சொன்னாலும் அதற்கொரு பதிலைப் பயிற்சியிலேயே படித்திருப்பார். "வேண்டாம் அண்ணா, நன்றி" என்பதற்கு மட்டும் பதில் சொல்வது கடினம். உண்மையிலேயே பொருளில் ஆர்வம் இருந்தால் தவணையெல்லாம் கூட்டி மொத்தம் எவ்வளவு, வடிகட்டியின் உட்பகுதியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதன் விலை என்ன என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் வாங்குங்கள், தவறில்லை. பிறகு அவரைத் திட்டாதீர்கள்.

எங்கள் வடிகட்டி இன்னும் சமையலறையில் இருக்கிறது. பாட்டி குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்.