தேறிய கோழியும் தங்கிய கிருமியும்

கோழிக்குச் சளி பிடித்தால் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், கொறட்டைச் சத்தம் நின்றுவிட்டால் நோய் போய்விட்டது என்பதே பலரின் எண்ணம். உண்மை அதுவா?

கெடா மாநிலத்தின் பாடாங் மேஹா போன்ற தோட்டப்புறங்களில், வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பது இந்தியக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அந்தக் கோழி தும்மி, மூக்கொழுகி, மூச்சுவிடும்போது கொறகொறவென்று சத்தம் எழுப்பினால், அதற்குக் காரணம் மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் எனும் பாக்டீரியாவாக இருக்கலாம். இது கோழியின் மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டு, தூசியையும் சளியையும் வெளித்தள்ளும் நுண்ணிய மயிரிழைகளைச் செயலிழக்கச் செய்கிறது. அதன் பிறகு ஈ.கோலி போன்ற மற்ற கிருமிகளும் எளிதில் நுழைந்துவிடுகின்றன.

இந்தப் பாக்டீரியாவுக்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் இதனிடம் பலிக்காததற்கு அதுவே காரணம். டைலோசின் போன்ற மருந்துகள் நோயின் வேகத்தைத் தணிக்கும். ஆனால் கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை.

அப்படியானால் ஒரு கோழி சாவதும் இன்னொன்று பிழைப்பதும் எதனால்? விடையின் ஒரு பகுதி கோழியின் உயிரணுக்களுக்குள் இருக்கிறது. எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்ற கட்டளையை மரபணுவிலிருந்து கொண்டுவருவது தூது ஆர்.என்.ஏ. ஏறக்குறைய 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ அந்தத் தூதில் ஒட்டிக்கொண்டு, கட்டளையை அடக்கிவிடுகிறது. வாகனத்துக்குப் பிரேக் எப்படியோ, உயிரணுவுக்கு இது அப்படி. 1993இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்புரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கோழியில் இதன் பங்கைச் சீனாவின் வூஹான் நகரிலுள்ள ஹுவாசோங் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர். மைக்கோபிளாஸ்மா தொற்றிய கோழிக் கருவின் நுரையீரலில் மைக்ரோ ஆர்.என்.ஏ-451 கூடுவதை அவர்கள் 2018இல் வெளியிட்டனர். இது ஒரு புரதத்தைக் குறைத்து, அதன் வழி அழற்சியின் மூர்க்கத்தைத் தணிக்கிறது. கிருமியை எதிர்க்க அழற்சி தேவைதான். அளவு மீறினால் அதுவே நுரையீரலைப் பாழாக்கிவிடும். எல்லாப் பிரேக்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 2015இல் அவர்கள் ஆராய்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ-101, கோழி உயிரணுக்களின் பெருக்கத்தையே தடுப்பதாகத் தெரியவந்தது.

இவை ஆய்வுக்கூட முடிவுகள். மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கொண்டு கோழிக்குச் சிகிச்சை அளிக்கும் நிலை இன்னும் வரவில்லை. ஆயினும் கோழி வளர்ப்போருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அழற்சி அடங்குவது வேறு; கிருமி ஒழிவது வேறு. சத்தம் நின்று, நன்றாக இரை பொறுக்கும் கோழியின் உடலிலும் கிருமி தங்கியிருக்கலாம். அது முட்டை வழியாகக் குஞ்சுக்கும் தொற்றும். 'பிழைத்த கோழியாயிற்றே, உறுதியானது' என்று அதையே அடைகாக்க விடும்போது, நோயும் அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது.

ஆகவே நோய்வாய்ப்பட்டுத் தேறிய கோழியின் முட்டையை அடைக்கு வைக்காமல் இருப்பது நல்லது. வெளியிலிருந்து வாங்கும் கோழியை இரண்டு மூன்று வாரம் தனியாக அடைத்து வைத்துக் கவனித்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும். கூண்டில் காற்றோட்டம் வேண்டும். ஈரமும் எச்சமும் தேங்கக் கூடாது. கால்நடை மருத்துவரைக் கேட்காமல் மருந்து கலக்கினால், அதன் மிச்சம் முட்டையிலும் இறைச்சியிலும் சேர்ந்து வீட்டாரின் தட்டுக்கே வரும். கிருமியும் மருந்துக்கு அடங்காத வலுவைப் பெறும். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் உதவும் கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த மலேசியா 2019இல் தடை விதித்ததும் இந்த அச்சத்தால்தான்.

கொறட்டை நின்ற கோழியைக் கண்டு மகிழலாம். அதை அடையில் உட்கார வைக்கும் முன் ஒருமுறை யோசிப்பது மற்ற குஞ்சுகளைக் காப்பாற்றும்.