அடிக்குறிப்பில் பாலாறு

கணியம்பாடியில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு சட்டக்கல்லூரி மாணவி கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய அம்மா ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்; விடியும் முன்பே கம்பெனி வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். மகள் எழுதியிருந்தது பன்னாட்டுச் சட்டம் பற்றி. மாணவர்களே ஆசிரியர் குழுவாக இருந்து நடத்தும் ஓர் இதழுக்கு அனுப்பப் போகிறாளாம். “ஒரு தடவை பார்த்துக் குடுங்க சார்” என்றாள்.

இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் தடுக்கவேண்டும் என்கிற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, நாடுகள் கடமையென ஏற்று நடப்பதால் உருவாகும் வழக்காற்றுப் பன்னாட்டுச் சட்டத்தின் பகுதி, அதில் ஐயத்துக்கே இடமில்லை என்று ஒரு வாக்கியம். அதற்கு ஆதாரமாக அடிக்குறிப்பில் நம் வேலூர் வழக்கு. தீர்ப்பைப் படித்தாயா என்று கேட்டேன். இல்லை, வேறொரு மாணவர் இதழில் அப்படி இருந்ததாம். அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தோம். அதுவும் இன்னொன்றைப் பார்த்து எழுதியதுதான். மூன்றிலும் வழக்கின் பெயரில் ஒரே எழுத்துப்பிழை.

மாணவர் இதழ்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஹார்வர்டில் 1887 முதல் மாணவர்கள் நடத்திவரும் இதழை நீதிபதிகளே மேற்கோள் காட்டுகிறார்கள். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி மாணவர்கள் 1988இல் தொடங்கிய இதழ் இன்றும் வேறு பெயரில் வருகிறது. ஒவ்வொரு அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற உழைப்புதான் இத்தகைய இதழ்களின் பலம். அந்த உழைப்பு தளர்ந்தால் பிழையைப் பிடிக்க ஆளில்லை. ஆசிரியர் குழு அடிக்கடி மாறும், படிப்பு முடிந்து கலைந்துபோகும். அச்சான பிழை மட்டும் அங்கேயே இருந்து அடுத்தவருக்கு ஆதாரமாகும்.

தீர்ப்பில் உள்ளது என்ன? தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. டேனரிகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போனதைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது அதில் பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போன கணக்கும் இருக்கிறது. வளங்குன்றா வளர்ச்சி என்ற கருத்து வழக்காற்றுப் பன்னாட்டுச் சட்டமாக ஏற்கப்பட்டுவிட்டது என்று நீதிமன்றம் சொன்னது. அதே மூச்சில், அதன் முக்கியக் கூறுகளைப் பன்னாட்டுச் சட்ட அறிஞர்கள் இன்னும் இறுதி செய்யவில்லை என்றும் சொன்னது. முன்னெச்சரிக்கையையும், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்பதையும் அந்த வளர்ச்சிக் கருத்தின் இன்றியமையாத அம்சங்களாக வைத்தது.

கைமாறிக் கைமாறி வந்ததில் உதிர்ந்துபோனது அந்த இரண்டாவது பாதி. வெளியுலகில் விஷயம் இன்னும் தீரவில்லை. ஹார்மோன் மாட்டிறைச்சி வழக்கில் 1998இல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு, முன்னெச்சரிக்கை வழக்காற்றுச் சட்டமா என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே நகர்ந்தது. 2011 பிப்ரவரியில் கடல்சட்டத் தீர்ப்பாயத்தின் கடலடித் தகராறுகள் பிரிவு, வழக்காற்றுச் சட்டமாகும் போக்கு தொடங்கியிருக்கிறது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த இரண்டையும் நீட்டினால், ‘ஐயத்துக்கே இடமில்லை’ என்று எழுதிய கட்டுரை அங்கேயே படுத்துவிடும். அதை நம்பி வாதாடியவரின் கட்சிக்காரர் பெரும்பாலும் ஏழையாகத்தான் இருப்பார்.

என்னை இதைவிட அதிகம் உறுத்துவது வேறு. அந்த மூன்று கட்டுரைகளிலும் கதை 1996இலேயே முடிந்துவிடுகிறது. தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7இல் ஈட்டுத்தொகையை அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். தரவேண்டிய ஆலைகள் 547. தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வராது. அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது: இன்னும் பெறாதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், கெட்ட சூழல் சீராகும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தொடரும். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள். இதற்கு நடுவில், 2015 ஜனவரி 31இல், ராணிப்பேட்டை சிட்கோ தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். இந்த வழக்கைப் பற்றி எழுதுகிற கட்டுரையில் இந்தப் பத்துப் பேருக்கு ஒரு வரிகூட இல்லையென்றால் அது குறைபட்ட ஆய்வு.

இப்போது ஆபத்து கூடியிருக்கிறது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடும் சட்ட இதழ்கள் மாணவர்களின் வாட்ஸ்அப்புக்கே வருகின்றன. தரமான இதழ்கள் எவை என்று சொல்லிவந்த தன் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டது. அந்தப் பொறுப்பு இனி ஒவ்வொரு கல்லூரிக்கும். செயற்கை நுண்ணறிவோ இல்லாத வழக்கையே எழுதித் தருகிறது. அப்படி வந்தவற்றை 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. பிழையான அடிக்குறிப்புகள் நிறைந்த கட்டுரைக் குவியலைப் படித்துத்தான் அந்த இயந்திரமும் அடுத்த பதிலைச் சொல்லும்.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்பை முதலிலிருந்து படித்தோம். ‘ஐயத்துக்கே இடமில்லை’ என்ற அந்த வாக்கியத்தை அவளே பேனாவால் அடித்தாள். 2001, 2025 என்று இரண்டு வருடங்களை ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “வாணியம்பாடிப் பக்கம் எங்க பாட்டி ஊரு சார். அந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பே வேகாதுன்னு சொல்லிட்டிருப்பாங்க. அந்த 29,193 பேர்ல அவங்க பேரு இருக்கான்னு எங்க போய்ப் பார்க்கணும்?”